உள்ளே தெரியாத கண்ணாடி

கடைக்காரர் ஃபிலிம் துண்டுகளைச் சீட்டுக்கட்டு போல விரித்துக் காட்டினார். இளஞ்சாம்பல், புகைநிறம், மையிருட்டு. முதலாளி ஒவ்வொன்றையும் வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். டிரைவர் புதுக் காரின் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தான்.

“சாம்பல் போட்டா வண்டி எடுப்பா இருக்கும் சார்.”

“எடுப்பெல்லாம் வேணாம். உள்ள யாரு இருக்காங்கன்னு தெரியக் கூடாது. கேட் பக்கத்துல வந்து கண்ணாடியில மூஞ்சிய ஒட்டவச்சுப் பாக்குறாளுங்க.”

எந்த கேட் என்று டிரைவருக்குத் தெரியும். முதலாளியின் தையல் கம்பெனி ஒருநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கிடந்தது. மறுபடி திறக்குமா, திறக்காதா என்று ஒரு பதிலுக்காகப் பெண்கள் தினமும் வாசலில் நிற்கிறார்கள். அவர்களில் ஒருத்தி அவனுடைய அக்கா. காலர் தைத்துத் தைத்தே கழுத்து திரும்பாமல் போனவள். மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடித் தம்பிக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். முதலாளிக்கு அந்த உறவு தெரியாது.

கடைக்காரர் மையிருட்டுத் துண்டைப் பின்கதவுக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார்.

“நீ போய்ப் பின்னாடி உக்காரு” என்றார் முதலாளி.

டிரைவர் கால்சட்டையின் பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, இருக்கையின் நுனியில் உட்கார்ந்தான். முதலாளி குனிந்து, புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு உள்ளே உற்றுப் பார்த்தார். அவர் மூக்கில் துளிர்த்திருந்த வேர்வைகூட அவனுக்குத் தெரிந்தது. அவர் கண்ணோ எங்கெங்கோ துழாவியது.

“இதையே ஒட்டிடுங்க” என்றார் நிமிர்ந்து. “முன்னாடியும் சேத்து.”

“முன்கண்ணாடியில ஒட்டினா போலீஸ் விடமாட்டாங்க சார். பின்னாடி மட்டும் போட்டுக்கலாம்.”

“சரி. முன்னாடி இவன்தானே இருக்கப்போறான்.”

சாயங்காலம் அக்கா அவன் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் உட்காரக்கூட இல்லை.

“தினம் அவர்கூடத்தான போற. திறப்பாரா, மாட்டாரா? காதுல ஏதாச்சும் விழுந்திருக்குமே.”

விழுந்திருந்தது. மெஷின்களை விற்க விலை பேசி முடித்ததை முதலாளி போனில் சொன்னபோது வண்டியில் இருந்தது இரண்டே பேர். பேச்சு வெளியே கசிந்தால், யார் வாய் என்று தேட வேண்டியதில்லை. இவன் வேலையும் போனால் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது.

“என்கிட்ட லெஃப்ட்டு, ரைட்டு மட்டும்தான்க்கா பேசுவாரு.”

“நடுவுல நீ ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்.”

மறுநாள் கம்பெனிக்குப் போகும் வழியில் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“சார்...”

“என்ன?”

“ஏசி கூட்டட்டுமா சார்?”

வாசலில் பெண்கள் வழக்கம்போல ஓடிவந்து பின்கண்ணாடியை மொய்த்தார்கள். பார்த்தார்கள், தட்டினார்கள். ஒன்றும் தெரியாமல் ஒவ்வொருவராக முன்பக்கம் வந்தார்கள். பின்னிருக்கை இருண்டு கிடக்க, அங்கே தெரிந்தது டிரைவரின் முகம் மட்டும்தான்.

“அவரு உள்ள இருக்காரா, இல்லையா? வாயத் தொறந்து சொல்லேன்யா.”

“சோறுதான திங்குற?”

“கண்ணாடிய எறக்காத” என்றது பின்னாலிருந்து வந்த குரல்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். பானெட்டில் இரண்டு கைகளையும் ஊன்றி அவனை நேராகப் பார்த்தாள். எங்கே பேர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவாளோ என்று அவன் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் முதலாளியின் முகத்தைப் பார்த்தான்.

“டிரைவர் சார்” என்றாள் அவள். “உள்ள இருந்தாருன்னா, ஒரு நிமிஷம் எறங்கச் சொல்லுங்க சார்.”

பிறந்ததிலிருந்து ‘டேய்’ என்று மட்டுமே அழைத்த வாய் அது.

“ஹாரன் அடி. என்ன பாத்துக்கிட்டு இருக்க?”

அவன் ஹாரனை அழுத்தினான். அவள் நகரவில்லை. விடாமல் அழுத்தினான். அக்கா கைகளை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவளையும் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டாள். கேட் திறந்தது, கார் நுழைந்ததும் மூடிக்கொண்டது.

முதலாளி இறங்கிச் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். “நல்ல ஃபிலிம்தான். ஒருத்திக்கும் தெரியல.” இரண்டடி போனவர் திரும்பிப் பார்த்தார். “பானெட்ல என்ன அது? தொடச்சிடு.”

கம்பிகளுக்கு அந்தப் பக்கம் பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டிரைவர் துணியை நனைத்துக்கொண்டு வந்தான். இடதுகைத் தடம் உடனே போய்விட்டது. வலதுகைத் தடம் வேர்வையோடு அழுந்தப் பதிந்திருந்தது. குனிந்த தலை நிமிராமல், அதை அழுத்தித் தேய்க்கத் தொடங்கினான்.