கமலை மாடு இழுத்த போல்ட்டு

வெள்ளக்காரன் கப்பலேறிப் போன மறுவருசம், ஓடைப்பட்டிக்குக் கெழக்க ஒரு கெணத்துல தண்ணி பத்தாம, அடியில பக்கவாட்டுல சொரங்கம் கொடஞ்சாக. கூரைப்பாறை பாளம்பாளமா வெடிச்சுத் தொங்குச்சு. பாளம் விழாம இருக்க, மேல ஓட்ட போட்டு இரும்புப் போல்ட்டு அடிக்கலாம்னு சொன்னவன் கருத்தக்கண்ணன். வடக்க நெலக்கரிச் சொரங்கத்துல நாலு வருசம் கெடந்தவன். அங்கன ஒரு இஞ்சினியரு இதைச் சோதிச்சப்ப கூட நின்னவன்.

சொன்னது அவன், அடிச்சது ராக்கையா மேஸ்திரி. முப்பது கெணறு வெட்டுன மவராசன். அதைச் சொல்லாம ஒரு வாய் வெத்தலகூடப் போட மாட்டாரு.

"போல்ட்டு வாலு ரெண்டாப் பொளந்திருக்கு, அதுல ஆப்பு சொருகியிருக்கு. ஓட்ட முடியிற எடத்துல ஆப்பு முட்டுனாத்தான் வாலு விரிஞ்சு பாறையக் கவ்வும். போல்ட்டு நீளத்துக்கு மேல ஓட்ட போடாதீக"ன்னு கருத்தக்கண்ணன் தலபாடா அடிச்சுக்கிட்டான்.

"ஏலே, ஆழம் கொறைக்கச் சொல்ற மொத ஆளு நீதான்டா! என் ஆளுக கை ரெண்டு முழத்துக்குக் கொறஞ்சு நிக்காது."

நிக்கலை. அம்புட்டு ஓட்டையும் ரெண்டு முழம், போல்ட்டு ஒன்னர முழம். ஆப்பு எதுல முட்டும்? அந்தரத்துல நின்னுச்சு. மேஸ்திரி ஓட்ட வாயில சுண்ணாம்பப் பூசி, சுத்தியலால டொங்குன்னு ஒரு தட்டு. சோதிச்சாச்சாம்!

கல்லு சொமக்க உள்ள போற பொம்பளைகள்ல மொத ஆளு சங்கிலியம்மா, கருத்தக்கண்ணன் பொண்டாட்டி. அவன் சொரங்க வாசல்ல குறுக்க வந்து நின்னான்.

"இழுத்துப் பாக்காம ஒருத்தியும் உள்ள போவக்கூடாது."

"எதை வச்சு இழுப்ப? ஒன் மீசைய வச்சா?"ன்னாரு மேஸ்திரி. பொம்பளைகளே சிரிச்சாக. சங்கிலியம்மாளும்தான் சிரிச்சா.

கருத்தக்கண்ணன் மேல பாத்து, தண்ணி எறைக்கிற கமலை மாட்டுக்காரன் சுருளியாண்டியக் கூப்பிட்டான். வாசப் பக்கத்துப் போல்ட்டுல வடத்தக் கட்டி, நேர் கீழ தரையில ஒரு உருளைய இறுக்கி, அதுக்கடியில விட்டு மேல கமலைக்கு ஏத்துனான். எல்லாரையும் வெலகச் சொல்லிக் கையக் காட்டுனான்.

மாடு ரெண்டும் சரிவுல நாலு எட்டு வச்சுச்சு. தண்ணிச்சாலுன்னு நெனச்சுச்சோ என்னமோ, முக்கக்கூட இல்ல. போல்ட்டு சுண்ணாம்போட சரட்டுன்னு கீழ வந்து விழுந்துச்சு, பின்னாலயே கூடைத் தண்டிக்கு ஒரு பாளம்.

"அது... மாடு ரொம்பக் கொழுத்த மாடு"ன்னாரு மேஸ்திரி.

"அப்ப மிச்சத்துக்கு அடியில நீங்க செத்த நில்லுங்க மாமா. ஒங்க பாரத்துக்குப் பாறையும் பயப்படும்ல?"ன்னு சங்கிலியம்மா கூடைய நீட்டுனா. மேஸ்திரி வேட்டி அழுக்காயிரும்னு நாலடி தள்ளிப் போனாரு.

பொம்பளைக அம்புட்டுப் பேரும் கூடையக் கவுத்து உக்காந்துட்டாக. மேஸ்திரி ஆளுக வேற எடத்துல புதுசா ஓட்ட போட்டாக. கருத்தக்கண்ணன் குச்சியில அளவு வெட்டி ஒவ்வொன்னுக்குள்ளயும் விட்டுப் பாத்தான். ஆப்பு முட்டுற வரைக்கும் அவனே சம்மட்டியால அடிச்சான்.

திரும்பவும் மாடு. இப்பத்தான் மாடு முக்குச்சு, கொளம்பு வழுக்குச்சு, வடம் முறுக்கேறுச்சு. சுருளியாண்டி அதட்டி அதட்டித் தொண்ட கட்டிப்போனான். போல்ட்டு அசையலை.

சங்கிலியம்மா தலைச் சும்மாட்டச் சுருட்டி எந்திரிச்சுப் புருசங்கிட்ட வந்தா.

"ஒரு போல்ட்ட மட்டும் இழுத்துட்டு ஏன்யா பல்லக் காட்டுற? மத்ததையும் இழு."