தடை சொல்ல வந்தவன்

சாதி விட்டுச் சாதி கட்டியவர்கள் ஊர் கண்ணில் படாமல்தான் குடித்தனம் நடத்துகிறார்கள். ஆனால் எழுதாமல் இருக்கமாட்டார்கள். சாதி கேட்காமல் வீடு விடும் தெரு எது, பெற்றவள் பக்கத்தில் இல்லாமல் பிள்ளை பெறுவது எப்படி என்று ஆளுக்கொரு வலைப்பூவில் பெயர் போடாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவற்றையெல்லாம் தேடிப் பிடித்து ஒரே இணையப் பக்கத்தில் வரிசையாகச் சேர்த்தவள் ரெஜினா. அவளும் அந்தக் கூட்டம்தான். தமிழரசனைக் கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாடகைக்கு இருந்தாள். அண்ணன் பிரிட்டோ சங்கராபுரத்தில் இருந்துகொண்டே, செத்தாளா இருக்கிறாளா என்றுகூடக் கேட்காதவன்.

பக்கம் பரவியதும் போலிகள் நுழைந்தன. பெண்ணைத் தேடும் அப்பன்மார்கள் தாங்களே ஓடிப்போன ஜோடி மாதிரி எழுதிக்கொண்டு வந்தார்கள். மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஜோடியின் பெயரைச் சொல்லி ஓலை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லலாம் என்பார்களே, ரெஜினா அதையே இங்கேயும் செய்தாள். புது வலைப்பூ வந்தால் அதிலிருந்து ஒரு பத்தியை முகப்பில் போட்டு, போலி என்று தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று எழுதிவைத்தாள். கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தாள், பாவம்.

கல்வராயன் மலையடிவாரத்தில் ஒளிந்திருந்த சுபஸ்ரீ, அமல் ஜோடியின் எழுத்தையும் அப்படித்தான் போட்டாள். அந்தப் பத்தியில், ஒற்றைக் கொம்பு உடைந்த பசுவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு வீட்டைவிட்டு வந்ததைச் சுபஸ்ரீ எழுதியிருந்தாள். இரண்டாம் ஞாயிறு ஒரு மெயில் வந்தது. 'தடை இருக்கிறது. நேரில்தான் சொல்ல முடியும்.' தடையை நேரில் சொல்வதுதானே முறை! ரெஜினா தன் வீட்டு விலாசத்தையே அனுப்பினாள்.

வந்தவன் தங்கதுரை, சுபஸ்ரீயின் அண்ணன். அந்தப் பசுவுக்குத் தினமும் புல் போட்டவன். கதவைத் திறந்த தமிழரசனின் வாயிலேயே இரும்புக் குழாயால் அடித்தான். பற்கள் தரையில் சிதறின. விழுந்தவனின் முழங்காலில் அடுத்த அடி. எலும்பு முறிந்த சத்தம் சமையற்கட்டில் நின்ற ரெஜினாவுக்குக் கேட்டது.

"எந்தங்கச்சி எங்க கீறா? அவுங்க நம்பர் இன்னாடி?"

அமலின் நம்பர் அவள் செல்போனில் மட்டும்தான் இருந்தது. கொதிக்கும் உலைக்குள் செல்போனைப் போட்டாள். தங்கதுரை அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது.

"மனசுல இல்லாமயா இருக்கும்? ஒவ்வொரு வெரலா ஒடச்சிக்கினே இருப்பேன், நீயா சொல்லுவ."

சமையற்கட்டுக்கு இழுத்துவந்து போட்ட தமிழரசனின் சுண்டுவிரல் குழாய்க்கடியில் நசுங்கியது. அவன் அலறினான். இன்னொரு விரலும் போயிற்று.

அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூடக் காலத்தில் இருந்து நெஞ்சில் கிடந்தது. அதைச் சொன்னாள். சொல்லும்போதே, அண்ணன் வருவான் என்று நம்பினாள். ஆமாம், அத்தனைக்கும் பிறகும் நம்பினாள்.

தங்கதுரை ஸ்பீக்கரில் போட்டான். "யாருடா, அமலா?"

"நான் பிரிட்டோ. நீ யாரு?"

"அண்ணே!" என்று கத்தினாள் ரெஜினா. "எங்கள அடிச்சிக்கினு கீறான், கொன்னுடுவாண்ணே!"

மறுமுனையில் எங்கோ மிக்ஸி ஓடி நின்றது.

"எனக்குத் தங்கச்சி கெடையாது. வந்த வேலயப் பாத்துக்கினு போ," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

தங்கதுரை மெச்சிச் சிரித்தான். "இவன்தாண்டி அண்ணன்."

அவ்வளவுதான். உலைப்பானையை வெறுங்கையால் தூக்கி அவன் முகத்தில் கொட்டினாள். அவன் வெந்து உருண்டான். நழுவிய குழாயை எடுத்துத் தோளில், முதுகில், சிரித்த வாயில் அடித்தாள். "தங்கச்சி இல்லியா? தங்கச்சி இல்லியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். அவன் அசைவு நின்ற பிறகும் நிறுத்தவில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த வீட்டுக்காரம்மா பாப்பாத்தி அவளை இடுப்போடு கட்டிப் பிடித்து இழுத்தாள்.

"வுடும்மா, செத்துடப் போறான்! யாரும்மா இவன்?"

"எங்கண்ணன்," என்று சொல்லிவிட்டு ரெஜினா மறுபடியும் ஓங்கினாள்.