பச்சைப் பட்டைப் பீப்பாய்

எங்கள் மலையூர் எல் போல்சோனில் பியர் காய்ச்சத் தெரியாதவன் கிடையாது. அதை அடைக்க எஃகுப் பீப்பாய் வைத்திருக்கிறவன்தான் குறைவு. அதுவும் எங்களுக்குக் கோடையான பிப்ரவரியில், ஊர் முழுக்கச் சுற்றுலாக்காரர்கள் மூட்டையும் முதுகுமாக அலையும்போது, காலிப் பீப்பாய் கேட்டால் சொத்தில் பங்கு கேட்டதுபோல் பார்ப்பார்கள்.

என் மகள் அய்லினுக்குக் கல்யாணம். அவளுக்கென்றே ஒரு பியர் காய்ச்சியிருந்தேன். சிவந்த நிறம், லேசாகத் தேன் வாசம், கடைசியில் நாக்கை விட்டுப் போகாத கசப்பு. 'இது பொண்ணோட அம்மா காய்ச்சினது' என்று அங்கே நாலு பேர் சொல்ல வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அவள் அப்பன் எவரிஸ்தோவும் நானும் பிரிந்தபோது பீப்பாய், குழாய், கடை, கடையின் பெயர் எல்லாம் அவன் பக்கம் போயின. அடுப்பு முன்னால் நின்று வெந்த எனக்கு அண்டாவும் கைப்பழக்கமும் மிஞ்சின.

முதலில் பக்கத்துத் தெருவில் பியர் காய்ச்சும் நவெலிடம் போனேன்.

"தப்பா நினைக்காதக்கா. இந்த மாசம் எங்கம்மா வந்து கேட்டாக்கூடத் தரமாட்டேன்."

"உங்கம்மா உன் பியரைக் குடிச்சிருக்காடா, அவ எதுக்குக் கேக்கப் போறா?"

சிரித்தான். ஆனால் தரவில்லை. ஆற்றங்கரை வரைக்கும் ஏறி இறங்காத கதவில்லை. கடைசியில் ஒரே ஒரு வாசல்தான் பாக்கி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

"வா மகராணி," என்றான் எவரிஸ்தோ. "வழி தவறிட்டியா?"

"காலிப் பீப்பாய் வேணும். உன் பொண்ணு கல்யாணத்துக்குத்தான்."

"காலியா எதுக்கு? நிறைச்சே தரேன்."

"உள்ள என் பியர்தான் போகும்."

"வீறாப்புக்கு மட்டும் குறைச்சலில்ல. எடுத்துட்டுப் போ."

மறுபேச்சில்லாமல் கொடுத்தான். இரவல் போன பீப்பாய் மாறிப்போகக் கூடாதென்று எங்கள் ஊரில் ஒவ்வொருவரும் அதன் வயிற்றில் ஒரு நிறப் பட்டை அடித்திருப்பார்கள். அவனுடையது பச்சை. குடிக்கிறவர்களும் யார் காய்ச்சியது என்று பட்டையைப் பார்த்துத்தான் குவளையை நீட்டுவார்கள். அதனால் கல்யாணத்தன்று ஈரச் சாக்கைச் சுற்றிப் பட்டையை மறைத்தேன். யாராவது கேட்டால், குளிர்ச்சிக்கு என்று சொல்லலாம்.

நெருப்போரம் கம்பியில் கட்டிய ஆடு வெந்துகொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் குழாய் இருமத் தொடங்கிவிட்டது. எவ்வளவு மிச்சம் என்று பார்க்க மாப்பிள்ளையின் அப்பா சாக்கை உருவி, பீப்பாயைக் கையால் துடைத்துவிட்டுக் காத்திருந்தார். எந்த உயரம் வரைக்கும் மறுபடி வேர்க்கிறதோ அந்த உயரத்துக்குப் பியர் இருக்கும். இங்கே எல்லோரும் அப்படித்தான் பார்ப்போம். எனக்கு அது ஏன் தோன்றவில்லையோ, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"பச்சைப் பட்டையா? அதானே பார்த்தேன்," என்றவர் எவரிஸ்தோ பக்கம் திரும்பினார். "சம்பந்தி, இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? உங்க கடையிலகூட இப்படி ஒண்ணு குடிச்சதில்லையே."

எவரிஸ்தோ என்னைப் பார்த்தான். என் பியர் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"பொண்ணு கல்யாணமாச்சே," என்றான்.

எங்கள் விருந்துகளில் ஆடு சுட்டவருக்குக் கை தட்டாமல் யாரும் எழுந்து போவதில்லை. அன்று அவருக்குத் தட்டி முடித்ததும், "பியர் காய்ச்சினவருக்கும் தட்டுங்கப்பா" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அந்தப் பாவி எழுந்து, நெஞ்சில் கை வைத்துக் குனிந்தான். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அய்லின் கல்யாண உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள்.

"உக்காரும்மா."

"அது என் பியர்டி."

"தெரியும். வாயில வச்சதுமே தெரிஞ்சுது."

"அப்ப நீயே சொல்லு."

"என் பிறந்தநாள் ஒண்ணுக்காவது அவர் வந்திருக்காராம்மா? இன்னிக்குத்தான் வந்திருக்கார். நீ எப்பவும் இருப்ப. இது அவருக்குப் போகட்டும், விடு."

என் கையை விட்டுவிட்டு அவள் அப்பாவைப் பார்த்துத் தட்டினாள். எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் தட்டினேன்.