பத்தொன்பது தரையிறக்கங்கள்

1

இந்தக் கதை என் அக்காவின் கோபத்திலிருந்து நான் திருடியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்ட வேண்டாம். அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். வாரத்தில் ஒரு நாள் லீவு. அந்த நாளில் சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். லைசென்ஸ் வாங்கியே தீருவேன் என்று பிடிவாதம்.

(முதலில் எழுதிய தொடக்கம்: 'வானம் அவளை அழைத்தது.' அடித்துவிட்டேன். வானம் யாரையும் அழைக்கவில்லை. தேடிப் போய் ஃபாரம் வாங்கியது அவள்தான்.)

2

கற்றுக்கொடுப்பவரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். அவர் பக்கத்து இருக்கையில் இருக்க, அக்கா பத்தொன்பது முறை விமானத்தை இறக்கினாள். ஒவ்வொரு முறையும் அவளுடைய பதிவேட்டில் 'மிக நன்று'* என்று எழுதினார். இருபதாவது முறை அவருக்கு முழங்காலில் வீக்கம். காலைப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டார். சக்கரம் தரையைத் தொட்டதுதான் தாமதம், விமானம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடுபாதையை விட்டுப் புல்லுக்குள் போய் நின்றது.

தரையில் ஓடும்போது விமானத்தைத் திருப்புவது காலடியில் இருக்கும் பெடல்தான். ஆளுக்கு ஒரு ஜோடி. அவள் ஜோடியும் அவர் ஜோடியும் சேர்ந்தே அசையும். பத்தொன்பது முறையும் நேராக ஓட்டியது அவருடைய கால்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்?"

"மனசு நொந்துடுவீங்களேன்னுதாம்மா..."

"என் மனசைப் பாத்துக்க யாரு உங்களைக் கூப்பிட்டா? நான் தனியா போற அன்னிக்கு உங்க காலைக் கழட்டிக் குடுத்து அனுப்புவீங்களா?"

* வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அந்தப் பக்கங்களைக் காட்டியிருக்கிறாள். எனக்கு இரண்டு முறை.

3

கேட்டதும் எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வேகத்தில் எழுதி அவளிடம் நீட்டினேன். கேப்டனைக் கிழி கிழி என்று கிழித்திருந்தேன். இருபதாவது முறை மட்டும் அக்கா எப்படியோ சமாளித்து, நேராக இறக்கி, அவர் அசந்துபோய்...

தாளை மேசைமேல் எறிந்தாள்.

"புல்லு எங்கடா?"

"இல்லக்கா, படிக்கிறவங்க உன்னை ஒரு மாதிரி நினைச்சுடக் கூடாதேன்னு..."

"அந்த விமானத்துல நானா செஞ்சது அது ஒண்ணுதான்டா. அதையும் எடுத்துட்டியா? நீயும் அந்த ஆளும் ஒண்ணுதான்."

எனக்குக் கோபம் தாங்கவில்லை. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் கூடியது. புல்லைத் திரும்ப எழுதினேன்.

4

அதன் பிறகு அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கேப்டன் கால் பெடலில் படக் கூடாது. ஆபத்து என்றால், "நான் எடுத்துக்கறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். ஆறு வாரம் தொப்புத் தொப்பென்று இறக்கினாள். 'சுமார்' என்று எழுதச் சொல்லிச் சண்டை போட்டு வாங்கினாள். இன்று காலை முதல் முறையாகத் தனியாகப் போகிறாள். இது ஆகாமல் லைசென்ஸ் கிடையாது. என்னை வேலிப் பக்கம்கூட வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முடிவு ஒன்று: மெத்தென்று இறங்குகிறாள், கேப்டனின் கண்ணில் — சீ.

முடிவு இரண்டு: மறுபடியும் புல்.

முடிவு மூன்று: (எழுதக் கை வரவில்லை.)

இந்த இடத்தில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிட்டு எழுதுகிறவன் நழுவிவிடுவது வழக்கம். நான் கொடுக்க மாட்டேன். கொடுத்தால் அவளைப் பத்திரமாக இறக்கிவிடுவீர்கள். உங்களுக்கும் நல்ல மனசு.