பந்து எடுக்கிற வள்ளம்

எங்கள் ஊர்க் கழகத்துக்கு ஒரு கப்பு இருக்கிறது. நாகலிங்கம் சம்மாட்டியார் வீட்டில், றேடியோப் பெட்டிக்கு மேலே, அவர் மனைவி பத்மாவதி செய்த கடதாசிப் பூவுக்குப் பக்கத்தில் அதை வைத்திருக்கிறார்கள். ஊருக்குப் புதிதாக யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள். பெரிய கண்டறியாத கப்பு. நான் அந்தப் படலைக்குள் காலெடுத்து வைப்பதில்லை.

எப்படி வந்தது என்று கேட்டால், விளையாடி வென்றோம் என்பார்கள். விளையாடினார்களாம். கடலில் வள்ளத்திலிருந்து கடைசி விசில் வரைக்கும் பார்த்தவன் நான். என்னிடம் ஒருவரும் கேட்பதில்லை.

வள்ளத்தில் எனக்கு என்ன வேலை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் மைதானம் கடற்கரையோடு ஒட்டியது. வடக்குப் பக்கக் கோட்டைத் தாண்டினால் கொஞ்சம் மணல், அதற்கப்பால் தண்ணீர். பந்து கடலுக்குள் போனால் எடுத்துக் கொடுக்க ஒரு வள்ளம் நிற்க வேண்டும். முழங்கால் பிரண்டு நான் விளையாட்டை விட்ட நாளிலிருந்து அந்த வேலை என்னுடையது. கரையில் கத்துகிற சனத்துக்கு நடுவே நிற்பதைவிடத் தண்ணீரில் தனியே இருப்பது எவ்வளவோ மேல். அந்தக் காலத்தில் சுற்றுப்போட்டி தை மாதத்தில் வரும். வாடைக் காற்று கடலிலிருந்து ஊருக்குள் வீசும். விழுந்த பந்தை அலையே கொண்டுவந்து கரையில் போடும். துடுப்பைத் தொடாமலே முழு ஆட்டத்தையும் நான் பார்த்து முடித்த நாட்கள் உண்டு.

பார்ப்பதற்கு அப்போது ஆட்டமும் இருந்தது. என் தங்கை தங்கமுத்துவின் மகன் பஞ்சலிங்கம் இடது பக்கத்தில் ஓடுவான். கையால் வளர்த்த ஆட்டுக்குட்டி போலப் பந்து அவன் காலோடு வரும். எதிரே வருகிறவனுக்குப் பந்தைக் காட்டுவான், கொடுக்க மாட்டான். அறுபத்தாறாம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டான். இரண்டாவது கோலுக்கு மூன்று பேரை வெட்டிக்கொண்டு போய், கோல்காரனையும் நிலத்தில் இருத்திவிட்டு, பந்தை மெதுவாக உள்ளே தள்ளினான். நான் வள்ளத்தில் எழுந்து நின்று கைதட்டி, கவிழப் பார்த்தேன். ஆனால் ஆட்டம் இரண்டுக்கு இரண்டாக நிற்கும்போது, எங்கள் கோலுக்கு முன்னால் வைத்து இன்னும் ஒருவனை வெட்டப் பார்த்தான். பந்து நழுவியது. அவர்கள் மூன்றாவதைப் போட்டுக் கப்பைக் கொண்டுபோனார்கள்.

ஊர் அந்த இரண்டு கோலையும் அன்றே மறந்துவிட்டது. கோயில் திருவிழாவுக்கு ஆட வருகிற சின்னமேளக் கூட்டத்தின் பெயரை அவனுக்கு வைத்தார்கள். சந்தைக்குப் போனாலும், கள்ளுக் கொட்டிலைத் தாண்டினாலும், "சின்னமேளம் வருகுது, விலத்துங்கோ" என்பார்கள். சொல்லிச் சிரித்தவர்களில் பாதிப்பேருக்குப் பந்து வட்டமா சதுரமா என்றுகூடத் தெரியாது. பொடியன் தலையைக் குனிந்துகொண்டு போவான்.

நாகலிங்கம் சம்மாட்டியார்தான் கழகத் தலைவர். கரைவலை இரண்டு வைத்திருந்தார். ஊரும் தன் வலைக்குள்தான் என்று நினைப்பு. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, "வடிவாய் விளையாடித் தோத்தது காணும். இனி எனக்குக் கப்பு வேணும்" என்றார். அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தார். எங்கள் கழகமே நடத்துகிற தை மாதச் சுற்றுப்போட்டியை அடுத்த வருடம் ஆடிக்கு மாற்றினார். ஆடியில் சோழகக் காற்று ஊரிலிருந்து கடலுக்கு வீசும். தண்ணீரில் விழுந்த பந்து திரும்பி வராது, ஓடும். பந்து கடலில் கிடக்கிற நேரத்துக்கு மணிக்கூட்டை நிறுத்துவதில்லை என்று ஒரு விதியும் போட்டார். ஆக, எப்படியாவது ஒரு கோல் போட்டால் போதும். மிச்ச நேரம் கடலுக்கு அடித்துக்கொண்டிருக்கலாம்.

அடிப்பதற்கென்றே பின்னால் கதிரவேலுவை நிறுத்தினார்கள். நல்ல பொடியன், கெட்ட மனம் இல்லை, ஆனால் பந்தைக் கண்டால் பழைய பகை ஏதோ இருப்பதுபோல் அடிப்பான். அரையிறுதியில் அவன் கடலுக்கு அடிக்க அடிக்கச் சனம் கைதட்டியது. பஞ்சலிங்கத்தின் கோலுக்குக் கூட அப்படித் தட்டவில்லை. கழுதைக்குத் தெரியுமோ கற்பூர வாசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

இறுதி ஆட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் கனிசியஸ் என்றொரு மனிதர் தங்கமுத்து வீட்டுக்கு வந்தார். வெள்ளைக் காற்சட்டை, கையில் குடை. கொழும்பில் ஒரு கந்தோரில் பெரிய கிளாக்கராம். கந்தோருக்கு ஓர் உதைபந்தாட்ட அணி இருக்கிறது, அதற்கு ஆள் சேர்ப்பது அவர் பொறுப்பு. எடுபட்டால் விளையாட்டும் உண்டு, மாதச் சம்பளமும் உண்டு.

"போன வருசம் உங்கடை பொடியன் போட்ட ரெண்டாவது கோலைப் பற்றிக் கொழும்பிலையும் கதைக்கினம்" என்றார். "நாளைக்கு அவன்ரை ஆட்டத்தைப் பார்க்கவேணும். உங்கடை ஊர் வெல்லுறது தோக்கிறது எனக்குக் காரியமில்லை. எங்களிட்டை உதைக்கிற ஆக்கள் நிறைய இருக்கினம். விளையாடுற ஒருத்தன்தான் இல்லை."

தங்கமுத்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் புருஷனைக் கடல் கொண்டுபோனபோது பஞ்சலிங்கம் தவழ்கிற பிள்ளை. அன்றிலிருந்து அவனை ஒரு நாள்கூட வள்ளத்தில் ஏற விட்டதில்லை. இடியப்பம் அவித்து விற்று வளர்த்தாள். கனிசியஸ் போன பிறகு என் கையைப் பிடித்தாள்.

"அண்ணை, இது தப்பினால் இவனுக்குக் கடல்தான். வேறை என்ன இருக்குது இந்த ஊரிலை. நாளைக்கு அவனுக்குப் பந்து கிடைக்கப் பண்ணுங்கோ."

அவளுக்காக நான் சம்மாட்டியாரிடம் போனேன். அதற்கு முன் அவரிடம் ஒரு உதவியும் கேட்டதில்லை. முற்றத்தில் நிற்க வைத்தே கதைத்தார்.

"பொடியனுக்கு ஒரு உத்தியோகம் கிடைக்கப் போகுது, சம்மாட்டியார். நாளைக்கு ஒரு நாள் மட்டும் பந்தை அவனிட்டைக் குடுக்கச் சொல்லுங்கோ."

"உன்ரை மருமோனுக்கு உத்தியோகம் எடுத்துக் குடுக்கவோ நாங்கள் கழகம் நடத்துறம்? போன முறை அவனிட்டைக் குடுத்துத்தானே நாசமாய்ப் போனது. நீ வள்ளத்தைப் பார், மார்க்கண்டு. நாளைக்குக் கொஞ்சம் மெதுவாய் வலி."

"மெதுவாய் வலிக்க எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் எதிரே வந்தவர்கள் சாவகச்சேரிப் பக்கத்துச் செம்பரிதிக் கழகத்தார். தோட்டக்காரப் பிள்ளைகள். சோழகம் அவர்களுக்கும் தெரியும். அது கடலில் என்ன செய்யும் என்பது தெரியாது. விதியைக் கேட்டுவிட்டுச் சரி என்று தலையாட்டினார்கள். பார்க்க ஆசையாக விளையாடினார்கள், ஒருவன் காலிலிருந்து மற்றவன் காலுக்குப் பந்து நூல் பிடித்ததுபோல் போனது. எங்கள் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு அடித்த ஒரு பந்து அவர்களில் ஒருவனுடைய முழங்காலில் பட்டு அவர்கள் கோலுக்குள்ளேயே போனது. அதுதான் எங்கள் கோல். அதற்கு வெடி கொளுத்தினார்கள்.

பிறகு தொடங்கியது கூத்து. இடைவேளைக்குப் பிறகு கதிரவேலுவுக்குப் பந்து வருவதும், அவன் கடலுக்கு அடிப்பதும்தான் ஆட்டம். கழகத்தில் இன்னொரு பந்து இருந்தது. அதற்குக் காற்றுப் போய்விட்டது என்றார்கள். நேற்று வரை போகாத காற்று. நான் துடுப்பு வலித்து வலித்து உள்ளங்கை உரிந்துபோனது. எப்படியாவது பந்தைக் கெதியாகக் கொண்டுபோய்க் கரையில் எறிந்தால் ஒருமுறையாவது பஞ்சலிங்கத்தின் காலுக்கு வராதா என்ற ஆசைதான். சனம் என்னைத் திட்டியது.

"மெதுவாய் வா, மார்க்கண்டண்ணை. உன்னை ஆர் அடிச்சுக் கலைக்கினம்?"

"உவன் எந்த ஊருக்கு வலிக்கிறான்?"

கோதாரியில் போவார். ஒருவருக்கும் பதில் சொல்லாமல் வலித்தேன். சம்மாட்டியாருக்குப் பக்கத்துக் கதிரையில் கனிசியஸ் குடையை விரித்தபடி இருந்தார். இரண்டு மூன்று தரம் மணிக்கூட்டைப் பார்த்தார். பஸ்ஸுக்கு நேரம் பார்க்கிறாரோ என்று நான் இன்னும் கெதியாக வலித்தேன். அவர் பார்க்க வந்த பொடியன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சும்மா நின்றான். அவன் சட்டை வேர்வையில்கூட நனைந்திருக்கவில்லை.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நான் எறிந்த பந்தைச் செம்பரிதிப் பொடியன் ஒருவன் உள்ளே போட, பஞ்சலிங்கம் குறுக்கே பாய்ந்து அதைப் பிடித்தான். யாரும் கொடுக்கவில்லை, தானாகவே எடுத்தான். கடல் பக்கக் கோட்டோடு ஓடத் தொடங்கினான். எனக்கு நேரே, கூப்பிட்டால் கேட்கிற தூரம். முதலாவது ஆளுக்குப் பந்தைக் காட்டி மறுபக்கத்தால் போனான். இரண்டாவது ஆள் நிலத்தில் விழுந்து எழும்பினான். கனிசியஸ் எழுந்து நின்றுவிட்டார். குடை கீழே விழுந்து உருண்டதைக்கூட அவர் கவனிக்கவில்லை. இன்னும் ஒருவன், அதற்குப் பிறகு கோல்காரன், அவ்வளவுதான். என் தங்கையின் முகம்தான் எனக்கு அப்போது நினைவில் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரையில் தொடங்கினார்கள். "சின்னமேளம், சின்னமேளம்" என்று ஒரு பக்கம். "கடலுக்கை அடியடா" என்று மறுபக்கம். சம்மாட்டியார் கதிரையில் ஏறி நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தினார். சொந்த ஊர்ப் பொடியன் கோலுக்கு ஓடுகிறான், சொந்த ஊரே அவனை ஆடாதே என்கிறது. வேறு எந்த ஊரில் இது நடக்கும்?

பஞ்சலிங்கம் பந்தை நிறுத்தினான். சனத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு திரும்பிக் கடலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இடது காலால் ஓங்கி அடித்தான். பந்து என் தலைக்கு மேலால் போய்ப் பின்னால் விழுந்தது.

நான் துடுப்பை எடுத்து வள்ளத்துக்குள் வைத்துவிட்டு இருந்தேன். சோழகம் பந்தைத் தள்ளிக்கொண்டு போனது. யாருக்காக வலிப்பது? கரையில் கனிசியஸ் குனிந்து குடையை எடுத்து, மண்ணைத் தட்டி, மடக்கி, றோட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார். நில்லுங்கோ ஐயா என்று கத்தினேன். காற்று அவரிடமிருந்து என் பக்கம் வீசியது, குரல் என் வாயோடேயே நின்றுவிட்டது. பிறகு விசில் ஊதினார்கள்.

கரைக்கு வந்தபோது என்னைத் தூக்கிக்கொண்டார்கள். என்ன என்று எனக்கு முதலில் விளங்கவில்லை.

"மார்க்கண்டண்ணை விசயகாரன். கடைசி நேரம் துடுப்பைத் தூக்கி உள்ளை வைச்சாரே, பார்த்தனியே?"

"அதுதான் மூளை."

சம்மாட்டியார் தன் கழுத்து மாலையைக் கழற்றி எனக்குப் போட்டார். "நேற்று என்னோடை முறைச்சிட்டுப் போனாய். எண்டாலும் நீ ஊரை விட்டுக் குடுக்கேல்லை" என்றார். மாலையைக் கழற்றி மணலில் போட்டேன். சந்தோஷத்தில் விழுந்துவிட்டது என்று ஒருவன் எடுத்து மறுபடி போட்டான். இந்தச் சனம், முகத்தில் காறித் துப்பினாலும் பன்னீர் என்று துடைத்துக்கொள்ளும்.

பஞ்சலிங்கத்தை இன்னொருவன் தோளில் வைத்திருந்தான். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். இறங்கி என்னிடம் ஓடி வந்தான்.

"அம்மான், அவர் எங்கை? என்ன சொன்னவர்?"

"போயிட்டார்."

சிரிப்பு நின்றது. றோட்டைப் பார்த்தான்.

"பந்து பறிபோயிருந்தால் திரும்பவும் நான்தான் தோக்கடிச்சது எண்டிருப்பினம், அம்மான். பிறகு நான் ஊருக்குள்ளை இருக்கேலாது."

"நீ ஊருக்குள்ளை இருக்கக் கூடாதெண்டுதானேடா அந்தாள் கூப்பிட வந்தது."

திரும்பவும் தோளில் தூக்க ஆட்கள் வந்தார்கள், போனான். அவனைப் பேசி என்ன பயன். ஒன்றரை வருடமாக ஊரே சேர்ந்து அந்தக் காலைப் பழக்கியிருந்தது. கப்பை மேளத்தோடு கொண்டுபோய் றேடியோப் பெட்டிக்கு மேலே வைத்தார்கள்.

கனிசியஸுக்கு ஆள்விட்டுப் பார்த்தோம். வேறு ஊரில் ஒரு பொடியனை எடுத்துவிட்டாராம்.

ஆவணி பிறந்து கொஞ்ச நாளில், நான் வள்ளம் தள்ளுகிற நேரம் தங்கமுத்து மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கையில் அவனுக்குச் சோற்றுப் பெட்டி. அவள் கடலைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "கூட்டிக்கொண்டு போங்கோ, அண்ணை" என்றாள். பெட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். பஞ்சலிங்கம் தண்ணீருக்குள் இறங்கி வள்ளத்தைப் பிடித்தான். பந்தோடு அப்படி ஓடிய கால், ஏறும்போது தடுமாறியது.

வலை பார்க்க வந்த சம்மாட்டியார் கரையில் நின்றார். வெற்றிலை வாயோடு கூப்பிட்டுச் சொன்னார்.

"மார்க்கண்டு, வாற ஆடிக்கும் பந்து எடுக்கிற வள்ளம் உன்ரைதான், மறந்திடாதை."

"மறக்கேல்லை, சம்மாட்டியார்" என்றேன். "வாற ஆடிக்கு வள்ளத்திலை ரெண்டு பேர் இருப்பம்."