சூல்தண்டு எத்தனை?

கல்லூரியின் உலர்செடி அறைக்குள் சம்பந்தி நுழைந்ததுமே அதைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரின் முதுகு நிமிர்ந்துகொண்டது. மகனுக்குப் பெண் கொடுத்தவர்தான். ஆனால் வேறொரு கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். வாய் சும்மா இருக்காது.

"சம்பந்தி, காலமான உங்க அண்ணன் ஒட்டி வச்ச இந்தச் செடி விஷ்ணுகிராந்தி இல்ல. அதோட பங்காளி. பேரை மாத்துங்க."

"எங்க அண்ணன் நாப்பது வருஷம் செடி பார்த்தவர். ஒண்ணுகூடத் தப்பினதில்ல."

"அது செடிக்குத் தெரியுமா?"

பெரியவர் செடி ஒட்டிய தாளை முன்னால் இழுத்தார். தாளிலிருந்து ஒரு காய்ந்த பூவை இடுக்கியால் எடுத்து, சோப்புத் துளி விட்ட வெந்நீரில் போட்டார். விஷ்ணுகிராந்தி அவருக்கு அத்துப்படி. தரையோடு படர்ந்தாலும் எதையும் சுற்றிக்கொள்ளாத தண்டு. சட்டைப் பொத்தான் அகலத்தில் விரியும் பூ. அதன் நடுவே, சூல்பையின் மேல் எழும் சூல்தண்டுகள், அடியிலிருந்தே தனித்தனியாக இரண்டு. ஒவ்வொன்றும் மேலே மறுபடி இரண்டாகப் பிளந்து, மொத்தம் நான்கு நுனிகள், தலைமுடியைவிட மெல்லிசாக! இத்தனை சின்னப் பூவுக்குள் இவ்வளவு நறுவிசா என்று ஒவ்வொரு முறையும் வாய்பிளப்பார். பங்காளியோ எதையாவது சுற்றி ஏறும் கொடி; அதன் பூவில் சூல்தண்டு ஒன்றே, நுனி இரண்டு.

ஊறிய பூவை உருப்பெருக்கியின் கீழ் ஊசியால் விரித்தார்.

ஒரே சூல்தண்டு. ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று அடியில் வருடிப் பார்த்தார். பிரியவில்லை. சுற்றிக்கொள்ள எதுவும் இல்லாத வெட்டவெளியில் வளர்ந்த கொடி என்று அண்ணனின் சீட்டே சொன்னது. அது எதையும் சுற்றாததை மட்டும் பார்த்து அண்ணன் விஷ்ணுகிராந்தி என்று முடிவுகட்டிவிட்டார்.

"எத்தனை?" சம்பந்தி நாற்காலியை விட்டு எழவில்லை. "நான் பாக்க வேண்டாம், நீங்க சொன்னா போதும். உங்க வீட்டு வாயில பொய் வராதுன்னுதானே பொண்ணையே குடுத்தேன்."

'ரெண்டு' என்றால் அண்ணன் பெயர் நிற்கும். அந்தச் சொல் பெரியவரின் தொண்டை வரை வந்தது.

"ஒண்ணு," என்றார். "வந்து பாருங்க. பங்காளின்னாலும் என்ன ஒயில்!"

சம்பந்தி குனிந்து பார்த்தார். உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

பெரியவர் புதுச் சீட்டில் சரியான பெயரை எழுதி, கையெழுத்திட்டு, அண்ணனின் சீட்டை மறைக்காமல் அதன் கீழே ஒட்டினார்.

"தப்பைக் கண்டுபிடிச்சது நானு. கையெழுத்து உங்களுதா?"

"பூவைப் பிரிச்சுப் பார்த்தவன்தான் கையெழுத்துப் போடணும், சம்பந்தி. எங்க வீட்டுத் தப்பை எங்க வீட்டுக் கைதான் திருத்தும்."