குட்டித் திமிங்கலத்தின் அழுகை

குழந்தைகளுக்கான ஒலி நாடகத்தில், அம்மாவைத் தொலைத்த குட்டித் திமிங்கலம் ஒரே ஒரு முறை அழ வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த ஒரு அழுகைக்குத்தான், நாடகங்களுக்குச் சத்தம் உண்டாக்கித் தரும் சத்தக்காரி சோறு தண்ணி இல்லாமல் அலைந்துகொண்டிருந்தாள். அவள் தனியாகப் பொறுப்பேற்ற முதல் நாடகம் இது. கதவை இழுத்தாள், பலூனைத் தேய்த்தாள். இயக்குநர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது திமிங்கலம் இல்லம்மா, பல்வலி வந்த பூனை. சாயங்காலத்துக்குள்ள கிடைக்கலைன்னா கம்ப்யூட்டர்ல இருக்கறதையே போட்டுடுவேன்" என்றார்.

சத்தம் போடுகிற சாமான் ஏதாவது போனில் வாங்கலாம் என்று பார்த்தால், வாங்கினவர்கள் எல்லாரும் "சத்தமே வரலை, அருமை" என்று ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். சத்தத்தைத் தேடுகிறவள் அதை வைத்து என்ன செய்வாள்? பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வீட்டுச் சாமான் கடையில் நுழைந்ததும் கை சும்மா இருக்கவில்லை. வாளியைத் தட்டினாள், குடையை விரித்து மடக்கினாள், சல்லடையைக் காதில் வைத்துச் சுரண்டினாள். ஒவ்வொன்றிலும் ஒரு மழை, ஒரு குதிரை, ஒரு பேய்வீடு ஒளிந்திருந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கார அக்கா மட்டும், இது தேறுகிற கேஸா என்ற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கால் வலித்து, கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சாய்ந்தாள். நாற்காலி அடித்தொண்டையில் முனகியது; அந்தச் சத்தம் மெல்ல மேலேறி, நடுவில் உடைந்து நின்றது.

அவளுக்குப் புல்லரித்துவிட்டது. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். அதேதான், சந்தேகமே இல்லை.

"அக்கா, எனக்கு இந்த நாற்காலிதான் வேணும். ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்."

கடைக்குள் வைத்துப் பதிவு செய்தால் மின்விசிறியும் தெருவும் சேர்ந்து விழும். அதனால் பொருளை ஸ்டூடியோவுக்குத் தூக்கிப்போய்ப் பதிவு செய்வதுதான் அவள் வழக்கம். வாசலில் நின்று, "சார், கிடைச்சிடுச்சு" என்று இயக்குநரிடம் குதிக்காத குறையாகச் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். நாற்காலி பளபளவென்று இருந்தது. உட்கார்ந்தாள். நாற்காலிக்கு மூச்சுப் பேச்சில்லை.

"எண்ணெய் போட்டுட்டேம்மா" என்றாள் அக்கா பெருமையாக. "கத்துதேன்னுதானே நீங்க எழுந்து எழுந்து பார்த்தீங்க? என் கடை சாமான் அப்படிப் போகலாமா?"

சத்தக்காரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அந்தச் சத்தத்துக்காகத்தான் அக்கா கேட்டேன்" என்று குட்டித் திமிங்கலத்தின் கதையை முழுக்கச் சொன்னாள். அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, நான் தினமும் உட்கார்ற நாற்காலிம்மா அது. இப்படித்தானே கத்தும்?" என்று கேட்டு, உதட்டை மூடி, தொண்டைக்குள்ளிருந்து அதைச் செய்து காட்டினாள்.

கடையே ஒரு நொடி தண்ணீருக்குள் போன மாதிரி இருந்தது. நாற்காலி வெறுமனே கத்தியது, அவ்வளவுதான். இவள் குரலிலோ ஒரு குழந்தை யாரையோ தேடியது.

"அக்கா, கடையைக் கொஞ்ச நேரம் சாத்த முடியுமா?"

"எதுக்கு, எண்ணெயைத் துடைக்கவா?"

"நாற்காலி இங்கேயே இருக்கட்டும். நீங்க வாங்க."

சாயங்காலம் ஸ்டூடியோவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக் முன்னால் அக்கா நின்றாள். ஒரே ஒரு முறைதான் அழுதாள். இந்தப் பக்கம் இயக்குநர் ஹெட்போனைக் கழற்றவில்லை. சத்தக்காரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது ஸ்பீக்கரில் அக்காவின் குரல் வந்தது. "சார், அதோட அம்மா வந்துடுவாங்கதானே?"

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் பேசுகிற பொத்தானை அழுத்தினார். "வந்துடுவாங்கம்மா" என்றார்.